திரை வெளிச்சத்தை ரூட் (நிர்வாகி) அனுமதியின்றி மாற்றுவது எப்படி?

வணக்கம். டெபியன் லினக்ஸ் நிறுவிய என் மடிக்கணினியில் முழு மேசைச்சூழல் இல்லாமல் வெறும் சாளர மேலாளரை (சாளரங்களை அடுக்கிக் காட்டும் நிரலை) மட்டும் பயன்படுத்துவதால், திரை வெளிச்சத்தைக் குறைக்கக்கூட ஒவ்வொரு முறையும் நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையும் கடவுச்சொல்லும் தேவைப்படுகின்றன. வெளிச்ச அளவைக் கொண்ட பிரைட்னஸ் கோப்பு ரூட் பயனருக்கு உரியது. அதன் அனுமதி 644, அதாவது ரூட் மட்டுமே அதில் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டுமே முடியும். அதை வீடியோ என்ற பயனர் குழுவுக்கு மாற்றி, குழுவினரும் எழுதும்படி 664 ஆக்கி, என்னையும் அக்குழுவில் சேர்த்தபோது வேலை செய்தது. ஆனால் அந்தக் கோப்பு வட்டில் இருப்பதல்ல, இயங்குதளத்தின் மையமான கெர்னலே நினைவகத்தில் உருவாக்கித் தருவது என்பதால், கணினியை மறுபடி தொடங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சாதனங்களைக் கண்டறிந்து அமைக்கும் யூடெவ் கருவியின் விதியில் குழுவையும் அனுமதியையும் எழுதியும் பயனில்லை. அவை டெவ் கோப்பகத்திலுள்ள சாதனக் கோப்புகளுக்கு மட்டுமே பொருந்துமாம். அவ்விதியிலிருந்தே அனுமதியை மாற்றும் கட்டளைகளை இயக்கலாமா, அல்லது சிஸ்டம்டி என்ற சேவை மேலாளரின், பயனர் உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டி வழியாக, அமர்வில் இருப்பவருக்கு மட்டும் வெளிச்சத்தை மாற்றும் உரிமை தருவது மேலா? 666 என்று எல்லோருக்கும் திறந்துவிட எனக்கு மனமில்லை. செய்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.