தமிழ்ப் பெயர் வந்தால் டெர்மினல் பெட்டியின் வலது கோடு உள்ளே போகிறது

தோவாளைப் பையன்:
தோவாளைச் சந்தையில் மாமாவுக்குப் பூக்கடை. அவருக்காகப் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம். டெர்மினலில் (எழுத்து மட்டும் காட்டும் திரையில்) கட்டம் போட்டு அன்றைய விலையைக் காட்டும். ஆங்கிலப் பெயர் என்றால் கட்டம் நேராக நிற்கிறது. 'பிச்சி' வந்தால் அந்த வரியில் மட்டும் வலது கோடு உள்ளே போய்விடுகிறது. 'அரளி' அவ்வளவு மோசமில்லை. எல்ஜஸ்ட்தான் (ljust, சொன்ன நீளம் வரும்வரை பெயருக்குப் பின்னால் இடைவெளி நிரப்புவது) போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள், மாமா விடமாட்டார்.

நாஞ்சில் அண்ணன்:
மக்கா, எல்ஜஸ்ட் எண்ணுவது யூனிகோடு குறிகளை, திரையில் பிடிக்கும் இடத்தை இல்லை. 'பிச்சி' உனக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஆறு: ப, மேல்விலங்கு (ி), ச, புள்ளி, ச, மறுபடி மேல்விலங்கு. ஆறு இடம் போயிற்று என்று நினைத்து இடைவெளியைக் குறைத்துவிடும். 'அரளி'யில் நாலுதான், அதனால் தப்பித்தது.

அகலம் கணக்கிட நூலகம் உண்டு. ஆனால் மேல்விலங்குக்குத் தனி இடம் உண்டா என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வித்தியாசம். நான் கணக்கே போடமாட்டேன். பெயரை எழுதிவிட்டு கர்சரை நேராக 40-வது இடத்துக்கு அனுப்பு: எஸ்கேப் குறி (பைத்தானில் \x1b), இடது சதுர அடைப்புக்குறி, 40, பெரிய ஜி. அப்புறம் │ போடு.

குளச்சல்காரி:
அதையே கோப்பில் சேமித்தால் அந்தக் குறிகளும் குப்பையாக உள்ளே போகும். திரைக்குப் போகும்போது மட்டும் போடுங்கள்.

தோவாளைப் பையன்:
சரியாகிவிட்டது அண்ணே! விலையையும் 28-ல் நிறுத்தினேன். மாமாவுக்கு இப்போது இரட்டைக் கோடு வேண்டுமாம்.

நாஞ்சில் அண்ணன்:
═ ║ ╔ ╗ ╚ ╝, இதுக்கு மேல் கேட்டால் பூ தரச் சொல்லு.