குப்பைப் பையில் இருந்த ஊசி குத்தியது, விபத்து அறிக்கை தர யாரும் முன்வரவில்லை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் வார்டில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்குப் போன செவ்வாய் இரவு கையில் ஊசி குத்திவிட்டது. வெள்ளை டப்பாவில் போட வேண்டியதை யாரோ மஞ்சள் பையில் போட்டிருக்கிறார்கள். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று தெரியவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அன்றிரவே தொடங்கிவிட்டோம். 28 நாள் சாப்பிட வேண்டும். குமட்டலும் தலைசுற்றலுமாக வேலைக்கு வர முடியாமல் கிடக்கிறார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையே இப்போதுதான் போட்டோம். மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அதைப் போட வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். ஒப்பந்த ஊழியர் என்பதால் விட்டுவிட்டார்கள், இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

விபத்தைப் பதியச் சொன்னால் நிர்வாகம் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறது, அவர் நிர்வாகத்தைக் காட்டுகிறார். எழுதிக் கொடுத்தும் பார்த்தாயிற்று. அக்கா சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், காப்பீட்டு எண்ணும் இருக்கிறது.

முதலாளி அறிக்கை தராதபோது, தொழிலாளியே நேரடியாக இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து, பணியில் நேர்ந்த விபத்தாகப் பதிய வைத்த அனுபவம் இங்கே யாருக்காவது உண்டா?