காவல் காக்கும் மனப்பகுதி வழிவிடாதபோது என்ன செய்வது?

காசிமேட்டு ஆலோசகர்:
வணக்கம். 2004 சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு பெண்மணிக்கு (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியுள்ளேன்) உளவள ஆலோசனை அளித்து வருகிறேன். அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஒரு மனசு சொல்லிடுங்குது, இன்னொரு மனசு வாயைத் திறக்காதேங்குது" என்று முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி மௌனமாகிவிடுகிறார். ரிச்சர்டு ஸ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கிய, மனத்தைப் பல பகுதிகள் சேர்ந்த ஒரு குடும்பமாகக் காணும் இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ் முறையைப் பின்பற்றுகிறேன். வாயடைக்கும் பகுதியைத் தாண்டித் துயரைச் சுமக்கும் பகுதியை எப்படி அணுகுவது?

பெரம்பூர் உளவியலாளர்:
தாண்டிச் செல்ல முயலவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. அன்றாட வாழ்வைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மேலாளர், வலி பீறிட்டதும் குடியாலோ ஆத்திரத்தாலோ அதை அணைக்கப் பாயும் தீயணைப்பவர் என இம்முறை கூறும் இரு வகைக் காவலர்களும், உள்ளே ஒதுக்கிவைக்கப்பட்ட பகுதியைக் காக்கவே உழைக்கின்றனர். அனுமதியின்றி நுழைந்தால் காவல் இன்னும் இறுகும், அடுத்த சந்திப்புக்கு அவர் வராமலும் போகலாம்.

முதலில், அந்த வாயடைக்கும் பகுதியின் மீது அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். எரிச்சல் என்றால் அங்கே பேசுவது வேறொரு பகுதி. அதைச் சற்று விலகியிருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். பரிவோ அறியும் ஆவலோ பிறந்த பிறகே, "பேசவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அஞ்சுகிறாய்?" என்று அவர் தாமே அப்பகுதியிடம் கேட்கட்டும். "அழ ஆரம்பிச்சா படுத்துடுவா, பிள்ளைங்களுக்கு யார் சோறாக்குறது?" என்பது போன்ற பதில் வந்தால், அந்த அச்சத்தின் நியாயத்தை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். பல சந்திப்புகள் இதிலேயே கழிந்தாலும் அவை வீணல்ல.

திருவொற்றியூர் மனநலச் சமூகப்பணியாளர்:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும், தாம் செய்ததே நினைவில்லாமல் போவது, கட்டளையிடும் குரல்கள் காதில் கேட்பது போன்றவை இருந்தால், பகுதிகளோடு பேசத் தொடங்குமுன் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை போன்ற இடத்தில் மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நம் ஊர்ப்பக்கம் திருவிழாவின்போது அருள் வந்து ஆடுவதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு இம்முறையின் ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த இஎம்டிஆர் (கண்ணசைவுகளின் துணையோடு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் சிகிச்சை) போன்ற முறைகளையும் அவருக்கு எடுத்துச் சொல்லி, தேர்வை அவரிடமே விடுங்கள்.

காசிமேட்டு ஆலோசகர்:
இருவருக்கும் நன்றி. டிசம்பர் 26 நெருங்குகிறது. அந்த வாரத்தில் இதைத் தொடரலாமா?

பெரம்பூர் உளவியலாளர்:
புதிதாக எதையும் கிளற வேண்டாம். கடற்கரையில் பால் ஊற்ற அவர் போவாரானால், உடன் யார் போவது, இரவில் துணைக்கு யார் இருப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள். நள்ளிரவில் தாளமுடியாமல் போனால் அழைக்க, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐயும் எழுதிக் கொடுங்கள்.