புதுப்பிப்பு: அப்பாவின் காலைத் தலைவலியும் சுவாச சிகிச்சையாளரும்

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள என் 78 வயது அப்பா, வீட்டில் ஆக்சிஜன் கொடுத்தும் ஏன் தலைவலியோடும் மந்தமாகவும் எழுகிறார் என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பலர் வற்புறுத்தியதால் சுவாச சிகிச்சையாளர் ஒருவரைப் பார்த்துவந்தோம்.

தவறு என்னுடையதுதான். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஆக்சிமீட்டரில் 97 தெரிய வேண்டும் என்பதற்காக, நிமிடத்துக்கு 1 லிட்டரில் வைக்கச் சொன்ன ஆக்சிஜன் செறிவூட்டியை இரவில் நானே 3 லிட்டருக்கு ஏற்றியிருந்தேன். கரியமில வாயு தேங்கும் ஆபத்துள்ள இந்நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 விழுக்காடு போதும் என்றும், அதற்கு மேல் ஏற்றினால் அவ்வாயு இரத்தத்தில் கூடித் தலைவலியும் அரைமயக்கமும் வரக்கூடும் என்றும் அவர் விளக்கினார். தமனி இரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது.

பிறகு, "ஐயா, இன்ஹேலரை எப்படி இழுக்கிறீர்கள், ஒருமுறை காட்டுங்கள்" என்றார். மூட்டுவலி கண்ட விரல்கள் குப்பியை அழுத்துவதற்குள் அப்பாவின் மூச்சு முடிந்துவிட, மருந்தில் பெரும்பகுதி நாக்கிலேயே தங்கியது. இரண்டு ஆண்டுகளாக இதை யாருமே, நான் உட்பட, கவனிக்கவில்லை. இன்ஹேலரில் மாட்டும் குழாய் போன்ற ஸ்பேசரைப் பொருத்தி, இரு கைகளாலும் அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, ஸ்டீராய்டு மருந்து என்பதால் வாயும் கொப்பளிக்கும்படி மூன்று முறை செய்யவைத்தார். ஸ்பேசரைக் கழுவியபின் துணியால் துடைக்கக் கூடாதாம். நிலைமின்சாரம் ஏறி மருந்து உட்சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம்.

இப்போது 1 லிட்டரிலேயே 90 காட்டுகிறது, தலைவலி இல்லை. உதட்டைக் குவித்து மூச்சுவிடும் பயிற்சியை மட்டும், "விசிலடிக்கிற வயதா எனக்கு?" என்று அப்பா தட்டிக்கழிக்கிறார்.