விவாகரத்தா, நீதிமன்றப் பிரிவா?

கேள்வி:
திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த 2 ஆண்டுகளாக நானும் கணவரும் தனித்தனி வீடுகளில் வாழ்கிறோம். எங்களுக்குள் சண்டை இல்லை. சேர்ந்து வாழும் எண்ணமும் இல்லை. விவாகரத்து என்ற சொல்லைக் கேட்டாலே மகள் அழுகிறாள். அவருடைய அலுவலக மருத்துவக் காப்பீட்டில்தான் நானும் இருக்கிறேன். இவ்விரண்டையும் எண்ணி, சட்டப்படி பிரிந்திருந்தால் போதும் என்கிறார் அவர். அது சரியாக வருமா?

பதில் 1:
சகோதரி, அந்த நிலையில் 3 ஆண்டுகள் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். பிரிவு ஆணை கைக்கு வந்த பிறகும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மனைவிதான்; மறுமணம் செய்ய இயலாது. வங்கிப் படிவத்தில் ‘மணமானவர்’ என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. திரும்பச் சேர்வோம் என்ற நம்பிக்கை சிறிதேனும் இருந்தால் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் உண்டு. எனக்கு அது இருந்தது; உங்களுக்கு இருப்பதாக உங்கள் எழுத்தில் தெரியவில்லை.

பதில் 2:
குடும்ப வழக்குகளை நடத்துபவன் நான். ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் இரு வழிகளிலும் தீர்மானிக்கப்படக் கூடியவை என்பதால், அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாரிசுரிமையைத்தான் கவனிக்க வேண்டும், அது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் நீதிமன்றப் பிரிவு பெற்ற ஒருவர் அந்த நிலையிலேயே உயில் எழுதாமல் இறந்தால், மற்றவருக்குத் துணை என்ற முறையில் பங்கு கிடையாது. ஆனால் முன்பே எழுதிய உயில் அப்படியே செல்லும். இந்தியாவில் இந்துக்களுக்குப் பிரிவு ஆணைக்குப் பின்னும் அந்த உரிமை தொடர்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, அந்த ஆணைக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ சேர்ந்து வாழாதிருந்தால், இருவரில் எவரும் விவாகரத்து கோரலாம். ஆகவே இன்று பிரிவோடு நிறுத்திக்கொண்டாலும் நாளை அவர் விவாகரத்துக்கு மனுச் செய்வதை அது தடுக்காது. இருவரும் ஒருமனதாக இருக்கும் உங்களைப் போன்றவர்களை ஒரே வேலைக்கு இரண்டு முறை நீதிமன்றப் படியேறச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உயிலையும் நியமனதாரர் பெயர்களையும் எந்த வழியில் சென்றாலும் புதுப்பியுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, பிரிவு ஆணையோடே பாதுகாப்பு முடிந்துவிடும் திட்டங்களும் உண்டு; ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காப்பீட்டு ஒப்பந்தத்தை நேற்றிரவு எடுத்துப் படித்தேன். ‘சட்டப்படி பிரிந்த துணைவர்’ என்பது விலக்குகளின் பட்டியலிலேயே இருக்கிறது. அவரிடமும் காட்டினேன். எனக்குத் தனிக் காப்பீடு எடுத்த பிறகு, விவாகரத்துக்கே மனுச் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மகளிடம் சொல்லப் போகிறோம்.