பார்பிக்யூவில் மிஞ்சிய இறைச்சியில் சீஸ் சாண்ட்விச்: ரொட்டி கருகுகிறது, நடுவில் சில்லென்று இருக்கிறது

பாசிர்ரிஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மகனுடைய பிறந்தநாளுக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் பார்பிக்யூ வைத்தோம். 20 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு எலும்பில்லாத கோழித்தொடை 4 கிலோ, ஆட்டிறைச்சி 2 கிலோ மசாலா தடவி ஊறவைத்துக் கொண்டுபோனேன். அண்ணி வேறு சாத்தே, அதுதான் குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சி, 50 குச்சி வாங்கி வந்துவிட்டார். 7 மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, பாதிப் பேர் அப்படியே கிளம்பிவிட்டார்கள். இப்போது குளிர்பெட்டியில் கோழி ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் இருக்கிறது, ஆடு முக்கால் கிலோ, சாத்தே பத்துப் பன்னிரண்டு குச்சி.

பிள்ளைகள் மறுபடியும் சோறும் கறியுமா என்று முகத்தைச் சுளித்ததால் ஞாயிறு காலை சீஸ் வைத்து கனமாக ஒரு சாண்ட்விச் செய்து பார்த்தேன். கோழியைப் பெரிய துண்டாகவே வைத்து, மேலே சீஸ் ஒரு வில்லை, வெண்ணெய் தடவிய ரொட்டி, தோசைக்கல்லில் நல்ல சூடு. இரண்டே நிமிடத்தில் ரொட்டி கருகிவிட்டது, சீஸ் பாதிதான் இளகியிருந்தது, கோழி குளிர்பெட்டியில் இருந்த மாதிரியே சில்லென்று. மகன் ஒரு கடி கடித்தான், இறைச்சித் துண்டு முழுதாகச் சறுக்கித் தட்டில் விழுந்தது. ஆட்டிறைச்சியில் செய்தது இன்னும் மோசம், வாயில் மெழுகு ஒட்டுவது போல் இருந்ததாக மாமியார் சொன்னார்.

இவ்வளவு இறைச்சியை வீணாக்க மனம் வரவில்லை. எங்கே தப்புச் செய்கிறேன்? எந்த சீஸ், எந்த ரொட்டி, எவ்வளவு சூடு என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


கடாய்க்காரன்:

அக்கா, நான் ஒரு கஃபே சமையலறையில் 6 வருடமாக வேலை பார்க்கிறேன், இந்த சாண்ட்விச் தினமும் போடுகிறோம். உங்கள் ரொட்டியிலும் குறையில்லை, சீஸிலும் குறையில்லை. இறைச்சியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக ரொட்டிக்குள் வைத்ததுதான் காரணம்.

ரொட்டி என்பது காற்று நிறைந்த பஞ்சு மாதிரி, சூட்டை உள்ளே விடாது. கல்லைத் தொடும் பக்கம் 150 டிகிரியைத் தாண்டினால் சிவந்து அப்புறம் கருக ஆரம்பிக்கும். சீஸ் இளக 60 டிகிரி போதும், ஆனால் அந்த 60 டிகிரி உள்ளே போய்ச் சேருவதற்கு நேரம் வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே 4 டிகிரியில் ஒரு கனமான கோழித்துண்டு உட்கார்ந்திருந்தால் வருகிற சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும்.

அதனால் முதலில் இறைச்சியைத் தனியாகச் சுட வையுங்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக மெல்லிசாக வெட்டி, அப்புறம் இன்னொரு முறை பொடியாக நறுக்குங்கள். கடிக்கும்போது முழுத்துண்டாக இழுத்துக்கொண்டு வருவது அதோடு நின்றுவிடும். தோசைக்கல்லில் போட்டு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் ஆவியில் நன்றாகச் சூடாகும், காய்ந்துபோன இறைச்சியும் கொஞ்சம் இளகும். பிறகு மூடியை எடுத்துத் தண்ணீர் முழுக்க வற்றும்வரை கிளறுங்கள். ஈரம் மிஞ்சினால் ரொட்டி உள்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடும், இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

ஆட்டிறைச்சி மெழுகு மாதிரி இருந்ததற்கும் குளிர்தான் காரணம். ஆட்டுக் கொழுப்பு கோழிக் கொழுப்பைப் போல் இல்லை, நம் ஊர் வெயிலில்கூட வெளியே வைத்தால் உறைந்தேதான் இருக்கும். வெள்ளையாகத் தெரியும் கட்டிக் கொழுப்பை வெட்டி எடுத்துவிடுங்கள், மிச்சத்தை ஆவி பறக்கச் சூடாக்கி உடனே ரொட்டிக்குள் வையுங்கள்.

அடுக்கும்போது சீஸ், இறைச்சி, மறுபடி சீஸ். இரண்டு பக்கமும் சீஸ் இருந்தால் அதுவே பசை மாதிரி ரொட்டியையும் இறைச்சியையும் பிடித்துக்கொள்ளும். ஒரு சாண்ட்விச்சுக்கு இறைச்சி 70 கிராம், சீஸ் 50 கிராம் போதும். கனமாக வேண்டும் என்று இறைச்சியை அள்ளி வைக்கத் தோன்றும், ஆனால் 100 கிராமைத் தாண்டினால் ஒட்டாது. தீ குறைவாக, ஒரு பக்கம் 4 நிமிடம், முதல் பக்கத்துக்கு மட்டும் மேலே ஒரு மூடி. திருப்பிப் போட்ட பிறகு மூட வேண்டாம், மொறுமொறுப்பு போய்விடும்.


உட்லண்ட்ஸ் செவிலி:

சமையலுக்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். அந்த இறைச்சி கடற்கரையில் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது? சிங்கப்பூர் உணவு அமைப்பு 5 முதல் 60 டிகிரி வரை உள்ள சூட்டை அபாய வட்டம் என்று சொல்கிறது, நம் ஊரில் மாலை நேரத்துச் சூடே 28, 30 டிகிரி, அதாவது கிருமி பெருகுவதற்கு வசதியான சூடு. சமைத்த உணவு அப்படி 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் சாப்பிடக் கூடாது. 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போயிருந்தால் மனநிம்மதி. திரும்பச் சுட வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை, சில கிருமிகள் விட்டுச் செல்லும் நஞ்சு சூட்டில் அழிவதில்லை.

இன்னொன்று, பச்சை இறைச்சி ஊறிய மசாலாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வெந்த துண்டின் மேல் தடவுவது பார்பிக்யூவில் எல்லாரும் செய்வது. கடைசியாகத் தடவிய பிறகு அது மறுபடி நன்றாக வெந்ததா என்று யோசித்துப் பாருங்கள். சரியாகக் குளிர்பெட்டியில் வைத்த இறைச்சி 3 நாள் தாங்கும், திரும்பச் சுட வைக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரி வர வேண்டும். அந்த வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் எடுத்துச் சுட வையுங்கள், மொத்தத்தையும் சுட வைத்து மறுபடி உள்ளே வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருப்பதால் சொல்கிறேன்.


பாசிர்ரிஸ் அம்மா:

நல்லவேளை கேட்டீர்கள். கோழியும் ஆடும் கடைசி ஈட்டில் எட்டரை மணி வாக்கில் சுட்டது, ஒன்பதரைக்கு ஐஸ் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து உடனே குளிர்பெட்டியில் வைத்துவிட்டோம். ஆனால் சாத்தே 5 மணிக்கே சுட்டு மேசையில் வைத்தது, கிளம்பும்வரை அப்படியேதான் இருந்தது. உங்கள் பதிலைப் படித்ததும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் போட்டுவிட்டேன்.


ஜூரோங் லாத்தா:

சாத்தே போனால் போகட்டும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் கச்சான் (வேர்க்கடலை) குழம்பு மிச்சம் இருந்து அதுவும் குளிர்பெட்டியிலேயே இருந்திருந்தால் அதைக் கொதிக்க வைத்து, கெட்டியானதும் ரொட்டியின் உள்பக்கம் மெல்லிசாகத் தடவிப் பாருங்கள். கோழிக்கும் செடாருக்கும் நடுவில் அந்தக் கச்சான் இனிப்பு அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

சீஸ் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் நிறைய ஆசை. ஒரே சீஸை நம்பாதீர்கள். மொஸரெல்லா இழுவை கொடுக்கும், ருசி கொடுக்காது. நாள்பட்ட செடார் ருசி கொடுக்கும், ஆனால் தனியாகச் சுட்டால் எண்ணெய் பிரிந்து ஓடும். இரண்டையும் பாதிப் பாதி துருவிக் கலந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடும். கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள். துருவிய நிலையில் பையில் விற்பது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவோ 460 என்று எண் போட்ட செல்லுலோஸோ சேர்த்திருப்பார்கள், அதனால் மழமழவென்று இளகாது. வில்லை வில்லையாகப் பிளாஸ்டிக் தாளில் வரும் சீஸைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள், எனக்கு அது சரியென்று படவில்லை. அதில் இருக்கும் உப்புகள், பொட்டலத்தின் பின்னால் 331 அல்லது 339 என்று இருக்கும், கொழுப்பைப் பிரிய விடாமல் பிடித்து வைக்கும். அவசரத்துக்கு ஒரு வில்லையும் ஒரு பிடி துருவிய செடாரும் வைத்தால் போதும். பனீர் மட்டும் வேண்டாம், அது பாலைப் புளிப்பு விட்டுத் திரித்துச் செய்வது, எவ்வளவு சூடு காட்டினாலும் இளகாது.

எங்களைப் போல் ஹலால் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலை உறைய வைக்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கலாம், நுண்ணுயிரிலிருந்தும் எடுக்கலாம். பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பேரங்காடிகளில் நிறையக் கிடைக்கிறது. விருந்தாளி யாராவது வந்தால் சங்கடம் இருக்காது.

அப்புறம் புளிப்பு. இறைச்சியும் சீஸும் வெண்ணெயும் எல்லாமே கொழுப்பு, நாலாவது கடியில் திகட்டிவிடும். சின்ன வெங்காயத்தை வட்டமாக நறுக்கி எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுக் கால் மணி நேரம் வைத்து, பிழிந்துவிட்டு உள்ளே வையுங்கள். இல்லையென்றால் தேக்கா ஈரச்சந்தையில் பச்சை மாங்காய் வாங்கிச் சீவிப் போடுங்கள், ஆட்டிறைச்சியோடு நன்றாகப் போகும்.


முன்னாள் ஹூஸ்டன்வாசி:

வேலைக்காக டெக்சஸில் 4 வருடம் இருந்தேன், அங்கே இந்த சாண்ட்விச்சை நிறையச் சாப்பிட்டிருக்கிறேன், அதனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் நமக்குச் சரிவராது. அவர்கள் பார்பிக்யூ என்று சொல்வது மாட்டின் நெஞ்சுப்பகுதியையோ பன்றித் தோளையோ 110, 120 டிகிரிப் புகையில் 10, 12 மணி நேரம் போட்டு எடுப்பது. இறைச்சியின் உள்ளே 90 டிகிரிக்கு மேல் போய், சவ்வெல்லாம் கரைந்து பசையாகி, விரலால் தொட்டாலே நார் நாராக உதிரும். அதை மறுநாள் சுட வைத்தாலும் ஈரம் குறையாது. நாம் ஈஸ்ட் கோஸ்டில் செய்வது கரியின் நேர்ச்சூட்டில் அரை மணிக்குள் வாட்டி எடுப்பது. அதில் அந்தப் பசை உருவாக நேரமே இல்லை. அதனால் பிய்த்துப் போடுவதைவிடக் கடாய்க்காரன் தம்பி சொன்ன மாதிரி குறுக்காக வெட்டி நறுக்குவதுதான் நமக்குச் சரி. ஆட்டிறைச்சி ரொம்ப விறைப்பாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரும் மிளகும் போட்டு மூடி 40 நிமிடம் சிறு தீயில் வேகவிட்டு அப்புறம் வற்றவிடுங்கள், அந்த மென்மை ஓரளவுக்காவது வந்துவிடும்.

பாட்டில் பார்பிக்யூ சாஸ் சேர்ப்பதாக இருந்தால் இறைச்சியோடு கலந்து உள்ளேயே இருக்கட்டும். அதில் சர்க்கரை அதிகம், ஓரத்தில் வழிந்து கல்லில் பட்டால் ரொட்டிக்கு முன்னால் அதுதான் கருகும். கோழிக்கு ஏற்கெனவே நம் மசாலா இருப்பதால் சாஸே தேவையில்லை என்பது என் எண்ணம்.

ரொட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) டோஸ்டுக்கு வரும் மெல்லிய ரொட்டி இந்தக் கனத்தைத் தாங்காது. அக்கம்பக்கத்தில் பழைய ரொட்டிக்கடை இருந்தால் முழு ரொட்டியாக வாங்கி, இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் வெட்டித் தரச் சொல்லுங்கள். அன்று வாங்கியதைவிட முந்தின நாள் ரொட்டி நல்லது, ஈரம் குறைவாக இருப்பதால் சீக்கிரம் மொறுமொறுக்கும். வெளிப்பக்கத்துக்கு வெண்ணெய்க்குப் பதில் மயோனீஸ் தடவுங்கள், ஒரே சீராகப் பொன்னிறம் வரும்.


கடாய்க்காரன்:

அண்ணே, மயோனீஸ் சரிதான், நாங்களும் கடையில் அதுதான் போடுகிறோம், ஆனால் வீட்டில் நான் நெய்தான் தடவுவேன். வெண்ணெய் சீக்கிரம் கருகுவது அதிலிருக்கும் பாலின் திடப்பொருளால், நெய்யில் அதை உருக்கி வடித்து எடுத்துவிடுகிறோம். இரண்டு கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு நெய்யைச் சூடாக்கி அந்த நெய்யை ரொட்டியில் தடவிப் பாருங்கள், மசாலா கோழிக்கு மயோனீஸால் அந்த வாசனை கொடுக்க முடியாது.


பாசிர்ரிஸ் அம்மா:

நேற்று இரவு செய்தேன், எல்லாருக்கும் நன்றி. கோழியைப் பொடியாக நறுக்கி ஆவியில் சூடாக்கி வற்றவிட்டது, செடாரும் மொஸரெல்லாவும் துருவிக் கலந்தது, எலுமிச்சையில் ஊறிய வெங்காயம், வெளியே கறிவேப்பிலை நெய். மகன் இரண்டு சாப்பிட்டான். மூடி போட்டு 4 நிமிடம் என்றதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, நடுவில் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன், ஆனால் ரொட்டி கருகவே இல்லை, வெட்டியதும் சீஸ் நூல் நூலாக வந்தது. கோழி ஊறிய மசாலாவிலேயே உப்பு இருந்ததால் செடாரும் சேர்ந்து கொஞ்சம் உப்புக் கூடிவிட்டது, அடுத்த தடவை மொஸரெல்லாவைக் கூட்டிப் போடுவேன்.

ஆட்டிறைச்சியை ஹூஸ்டன் அண்ணன் சொன்னபடி மிளகு போட்டு வேகவைத்தேன், மாங்காயோடு. மாமியார் சீஸ் வாசனையே ஆகாது என்பவர், அவருக்கு சீஸ் பாதியாகக் குறைத்துச் செய்துகொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் முழுதும் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.

இன்னும் முக்கால் கிலோ கோழி இருக்கிறது, இன்று மூன்றாவது நாள். சாண்ட்விச்சாகவே செய்து உறைபெட்டியில் வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா?


உட்லண்ட்ஸ் செவிலி:

சாண்ட்விச்சாக வேண்டாம். சூடாகச் செய்து டப்பாவில் அடைத்தால் பள்ளி இடைவேளை வரை மிதமான சூட்டிலேயே கிடக்கும், அதுதான் நான் முதலில் சொன்ன அபாயம். கோழியை மட்டும் இன்றே நறுக்கி, 150 கிராம் வீதம் பையில் தட்டையாகப் பரப்பி உறைபெட்டியில் வையுங்கள், இரண்டு சாண்ட்விச்சுக்கு ஒரு பை. தட்டையாக இருந்தால் முந்தின இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் எடுத்து வைத்தாலே காலைக்குள் இளகிவிடும். பள்ளி விட்டு வந்ததும் சூடாகச் செய்து கொடுங்கள்.


ஜூரோங் லாத்தா:

பையின் மேல் தேதி எழுதி வையுங்கள் தங்கச்சி. நான் எழுதாமல் வைத்து, எது நோன்புப் பெருநாள் இறைச்சி, எது போன வாரத்து இறைச்சி என்று தெரியாமல் ஒரு முறை எல்லாவற்றையும் எறிய வேண்டியதாகிவிட்டது.