பூனையைக் கழிப்பிடத்துக்குப் பழக்க வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய பொருட்கள்

கேள்வி: காட்பாடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்களிடம் ஒரு வயதை நெருங்கும் பெண்பூனை இருக்கிறது. கருத்தடை செய்தாயிற்று, வெளியே விடுவதில்லை. கடையில் வாங்கும் பென்டோனைட் லிட்டருக்கு (பூனை கழிக்கும் தட்டில் பரப்பும் களிமண் துகள்) மாதந்தோறும் ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை. கமோடின் இருக்கைக்கு அடியில் அலுமினியத் தட்டைப் பொருத்தி, அதன் நடுவே ஓட்டையிட்டு, அதை நாளடைவில் பெரிதாக்கிப் பூனையை நேராகக் கமோடிலேயே போகப் பழக்கும் முறையைக் காணொளிகளில் பார்த்தேன். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா, அல்லது நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் மணல், உமி, மரத்தூள் ஆகியவற்றை வைத்தே சமாளிக்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்னொன்று: என் மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வரவிருக்கிறாள். பூனையை வேறு எங்காவது கொடுத்துவிடுங்கள் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

பதில் 1: ராணிப்பேட்டையிலிருந்து

சகோதரி, அந்தத் தட்டைச் செய்வது கடினமன்று. மெல்லிய அலுமினியத் தட்டு பூனையின் எடையில் வளைந்துவிடும் என்பதால், தடித்த பிளாஸ்டிக் தட்டை இருக்கைக்கும் கமோடின் விளிம்புக்கும் இடையே அசையாமல் பொருத்தி, அதில் லிட்டரைப் பரப்பி, பூனை பழகப் பழக ஓட்டையை விரிவாக்கிக்கொண்டே லிட்டரையும் குறைக்கவேண்டும். சில பூனைகள் பழகியும்விடுகின்றன. ஆனால் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். பூனை என்பது வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த உயிர். மண்ணைத் தோண்டுவதும், கழித்ததை மூடுவதும் அதன் இயல்பில் ஊறியவை. கமோடில் அந்த இரண்டுக்கும் வழியில்லை. வழுக்கும் விளிம்பில் நான்கு கால்களையும் ஊன்றி நிற்பது குட்டிகளுக்கும் மூட்டுவலி வந்த வயதான பூனைகளுக்கும் இயலாது. ஒருமுறை உள்ளே வழுக்கி விழுந்த பூனை அதன்பின் கழிப்பறைப் பக்கமே போகாமல் மெத்தையையும் துணிக்கூடையையும் நாடத் தொடங்கினால், அதைத் திருத்துவது பெரும்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, பூனை எவ்வளவு சிறுநீர் கழித்தது, மலம் எப்படி இருந்தது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். நோய் முதலில் தெரியும் இடம் லிட்டர் தட்டுதான்.

பதில் 2: ஆரணியிலிருந்து

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். செலவைக் குறைக்க வழிகள் உண்டு. முதலில் தட்டு. கொத்தனார்கள் கலவை அள்ளும் பிளாஸ்டிக் சாந்துச்சட்டி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்; அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால் பூனை ஏறி இறங்க வசதி. பூனை உள்ளே முழுதாகத் திரும்புவதற்கு இடம் இருக்கவேண்டும் என்பது மட்டுமே கணக்கு. அள்ளுவதற்குப் பழைய ஜல்லிக்கரண்டி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்; அது மறுபடி அடுக்களைக்குள் போகக்கூடாது.

உள்ளே போடும் பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் உமி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பலர் அதையே போடுகிறார்கள். உமியில் சிலிக்கா மிகுதி. அது ஈரத்தை உறிஞ்சாது, சிறுநீர் நேராக அடியில் தேங்கி நாறும். மணிலாக்கொட்டை ஓடு ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். மணல் பூனைக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதுவும் உறிஞ்சாது, மாடிக்குத் தூக்கவும் கனம். எம்-சாண்டில் கல்தூசி அதிகம், ஆகவே வேண்டாம். அறுவை ஆலை மரத்தூள் நன்றாக உறிஞ்சும். ஆனால் மாவு போன்ற பொடியைச் சல்லடையில் சலித்து நீக்கிவிட்டுச் சுருள் சுருளான இழைப்புத் தூளை மட்டும் போடவேண்டும், இல்லையேல் பூனைக்குத் தும்மல் ஓயாது. எந்த மரம், என்ன பூச்சிமருந்து அடித்தது என்று கேட்டு வாங்குங்கள்.

என் தேர்வு மாடித்தோட்டத்துக்கு விற்கும் தென்னைநார்க் கழிவுக் கட்டிதான். கட்டியை நீரில் விரியவைத்து, உப்புப் போக அலசி, மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தினால் சிறுநீரையும் வாடையையும் வாங்கிக்கொள்கிறது, தோண்டுவதற்கும் மண்ணைப் போலவே இருக்கிறது. கையில் காசே செலவழிக்கவேண்டாம் என்றால் பழைய தினசரிகளைக் கிழித்து, பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் விட்ட வெந்நீரில் ஊறவைத்து, கூழானதும் அலசி, சமையல் சோடா கொஞ்சம் தூவிப் பிசைந்து, ஒட்டப் பிழிந்து உதிர்த்து, பழைய கொசுவலையின்மீது பரப்பிக் காயவையுங்கள். வேலூர் வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்கமுடியாது.

பதில் 3: வேலூரிலிருந்து, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

அம்மா, மகளுக்காகப் பூனையை அனுப்பவேண்டிய தேவையில்லை. உறவினர்கள் அஞ்சுவது, பூனை மலத்தின் வழியே தொற்றி வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைக் குறித்து. முதன்முறையாக அது தொற்றும்போதுதான் பூனை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். அந்த முட்டைகளும் வெளியே வந்து 1 முதல் 5 நாட்கள் கழித்தே பிறருக்குத் தொற்றும் நிலையை அடைகின்றன. ஆகவே தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். அந்த வேலையை மகள் செய்யவேண்டாம். நீங்கள் கையுறை அணிந்து செய்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், எலி பிடிக்க விடாதீர்கள். மகளும் அரைவேக்காட்டு இறைச்சியைத் தவிர்க்கவேண்டும்; தொற்று அந்த வழியாகவும் வருகிறது. வீட்டில் பூனை இருப்பதை அவளுடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகமாட்டா, கொதிநீருக்கு அழியும். பூனை மலத்தைக் கமோடில் கொட்டுவதும் நல்லதன்று. கழிவுநீர் வழியே கடலுக்குப் போய் அங்குள்ள நீர்நாய்களைப் பாதிக்கிறது என்ற கவலையால், கலிபோர்னியாவில் லிட்டர் பைகளில் அது குறித்த எச்சரிக்கையை அச்சிடவேண்டும் என்று 2006இல் சட்டமே இயற்றினார்கள். காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். தென்னைநார் ஆனாலும் காய்கறிச் செடிகளுக்கு உரமாகப் போடாதீர்கள்.

ஒன்றை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: பூனை புழங்கும் இடத்தில் ஃபினாயில் ஊற்றாதீர்கள். ஃபீனால் வகைப் பொருட்களை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகும். அந்துருண்டையும் அப்படியே. சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினால் அமோனியாவுடன் சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். சோப்பும் வெந்நீரும் போதும்.

காட்பாடி வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கமோடு எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். தென்னைநாரை வாங்கப்போகிறேன். ஒரேயடியாக மாற்றினால் பூனை ஏற்குமா?

பதில் 2: ஆரணியிலிருந்து

ஒரேயடியாக மாற்றாதீர்கள். பழைய லிட்டரில் ஒரு கைப்பிடி தென்னைநாரைக் கலந்து தொடங்கி, பூனை முகம் சுளிக்காமல் போகிறது என்று உறுதியான பிறகு விகிதத்தைக் கூட்டுங்கள். தட்டின் இடத்தை அதே சமயத்தில் மாற்றவேண்டாம். முடிந்தால் இரண்டாவது சாந்துச்சட்டி ஒன்றில் புதியதை மட்டும் நிரப்பி அருகிலேயே வையுங்கள். எதை விரும்புகிறது என்பதை அதுவே காட்டிவிடும். எதிலும் போகாமல் அடிக்கடி உட்கார்ந்து முக்கினால் மட்டும் அதை லிட்டர்மேல் உள்ள வெறுப்பு என்று எண்ணிக் காத்திராமல், அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.